பரமலிங்கத்தின் இடாப்பில் நாற்பத்தொரு வரிகள்

அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அச்சுவேலியிலிருந்து பருத்தித்துறைக்குப் போகிற பக்கத்தில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது என்று சொன்னால் போதும். இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

பரமலிங்கம் 1907ஆம் ஆண்டு மார்கழி மாதம் பிறந்தான். அவனுடைய அக்கா ஞானாம்பிகைக்கு அப்போது ஏழு வயது. 1918இல் வந்த வாந்திபேதி பதினாறு நாள் இடைவெளியில் தாயையும் தகப்பனையும் கொண்டுபோய்விட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டிருந்த ஞானாம்பிகை, தம்பியை நிறுத்தவில்லை. அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும் தம்பியின் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போய், பிறகு வராமலே விட்டன. அதைப் பற்றி அவள் ஒருவரிடமும் குறைசொன்னதில்லை. 1927இல் ஆசிரியர் பரீட்சையில் தேறி, ஊர்ச் சைவப் பள்ளிக்கூடத்தில் பரமலிங்கம் வாத்தியாரான அன்று, அவனுடைய வேட்டியைத் தானே மடித்துக் கொடுத்தாள். மடிப்பு ஒரு விரல் பிசகவில்லை.

அவனும் அப்படித்தான். வரவு இடாப்பில் அவன் ஓர் எழுத்தை அழித்து எழுதியது கிடையாது. பிள்ளை வந்தால் வந்ததாக இருக்கும். வராவிட்டால் வராததாக இருக்கும். அரசாங்கத்தின் உதவி வரவைப் பார்த்துத்தான் வருகிறது, இரண்டு மூன்று பேரைக் கூட்டிப் போட்டால் என்ன என்று மற்றப் பள்ளிக்கூடங்களில் கேட்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் மனேச்சராயிருந்த நமசிவாயம், உறவுமுறையில் அவர்களுக்குத் தாய்மாமன், அம்மான் என்பார்கள், அவரும் ஒருமுறை பட்டும் படாமலும் கேட்டிருக்கிறார். பரமலிங்கம் சிரித்துவிட்டுப் போய்விட்டான். பள்ளிப் பரிசோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் அவனுடைய இடாப்பை மற்ற ஆசிரியர்களுக்குத் தூக்கிக் காட்டினார். அதை ஞானாம்பிகை ஊரில் நாலு வீட்டில் சொல்லாமல் இருக்கவில்லை.

எல்லாம் தொடங்கியது ஓர் இளநீரில்.

1930ஆம் ஆண்டு மாசி மாதம், சமய ஒற்றுமை பற்றிப் பேச வாலிபர் சங்கமொன்று அவனைப் பருத்தித்துறைக் கரையில் இருந்த கத்தோலிக்கக் குடியிருப்புக்குக் கூட்டிச்சென்றது. நன்றாகப் பேசினானாம். சிவன் என்றாலும் கர்த்தர் என்றாலும் கும்பிடுகிற கை ஒன்றுதான் என்றானாம். பேசி முடிந்ததும் குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டான். அந்த வீட்டுப் பொடியன் கனிசியஸ், பத்தொன்பது வயது, உள்ளே போய்ச் சீவாத இளநீர் ஒன்றையும் கத்தி ஒன்றையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தான்.

"நீங்களே சீவிக் குடியுங்கோ வாத்தியார். நாங்கள் தொடேல்லை."

அதில் கேலி இல்லை. வேளாளர் வந்தால் அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குப் பழக்கியிருந்தார்கள். பரமலிங்கம் சீவிக் குடித்தான். வீட்டுக்கு வந்து, அன்றிரவுச் சோற்றைத் தொடாமல், நடந்ததை அக்காவிடம் ஒன்றும் விடாமல் சொன்னான். வயிற்றுக் கோளாறு பொய் என்பதையும் சொன்னான். அவன் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று அவள் அப்போது நினைத்தாள்.

இரண்டு மாதம் யோசித்தான். பேசுவதற்கு ஊரில் ஆள் குறைவில்லை, பேசப் போகிறவன் முதலில் சாப்பிடப் பழக வேண்டும் என்பது அவனுடைய முடிவு. சித்திரை ஐந்தாம் திகதி சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினான். எட்டு வாலிபர்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் இல்லை. கனிசியஸ் பருத்தித்துறையிலிருந்து நடந்தே வந்தான். சொந்த ஊரிலிருந்து, சொந்தச் சாதியிலிருந்தே, ஏரம்பு வந்தான். தகப்பன் இல்லாதவன், தாய் பூரணமும் தங்கை குணலட்சுமியும் அவனை நம்பி இருந்தார்கள். ஊரின் மேற்கு எல்லையில் பனையேறும் குடும்பத்திலிருந்து தம்பிராசா வந்தான். மற்றவர்கள் அயலூர்கள்.

ஒரு வருடம் பழகி, பிறகு எட்டுப் பேரும் எட்டு ஊருக்குப் போய் ஆளுக்கொரு வகுப்புத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. என்ன படித்தார்கள் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை சைவ வீட்டில் ஏன் மீன் சட்டி அடுப்பேறாது என்று கனிசியஸ் எழுந்து சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் எத்தனை நாள், அந்த நாட்களில் கத்தோலிக்க வீட்டில் எதைக் கேட்கக்கூடாது என்று ஏரம்பு சொல்ல வேண்டும். செத்த வீட்டில் யாருக்கு என்ன முறை, தீட்டுத் துடக்குக் காத்துக் கொண்டிருக்கிற வீட்டுக்காரன் எதை வாங்குவான், எதை வாங்க மாட்டான் என்பதெல்லாம் பாடம். சண்டை வருவது சாமியால் அல்ல, தெரியாத்தனத்தால் என்பது அவன் எண்ணம். பிழை விட்டால் மற்றவர்கள் நக்கலடிக்கலாம். கோபித்தால் அடுத்த சனிக்கிழமை அவன்தான் தரை கூட்ட வேண்டும்.

பிறகு சாப்பாடு. மழைக்கும் விரதத்துக்கும் விட்டவை போக, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவர் வீட்டில். முதல் விருந்து தங்கள் வீட்டில் என்று பரமலிங்கம் சொன்னபோது ஞானாம்பிகை சமைத்தாள். தம்பிராசா வாசலில் செருப்புமில்லாமல் கால்மாறி நின்றான். அவனைச் சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறையில் மற்றவர்களோடு ஒரே வரிசையில் இருத்தி இலை போட்டாள். எல்லோரும் போன பிறகு மஞ்சள் தண்ணீர் கரைத்து அந்த அறை முழுவதும் தெளித்தாள். பரமலிங்கம் அதைக் கண்டான். தங்கள் வீட்டு மூன்றாம் விருந்துக்குப் பிறகு அவள் தெளிக்கவில்லை. இதுவும் இருக்கட்டும், நடந்தது நடந்தபடி.

ஏரம்புவை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். மே மாதம் பதினேழாம் திகதி தம்பிராசா வீட்டில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ். பயந்து பயந்து போனவன், பலாவிலையை மடித்து மடித்து மூன்று தரம் வாங்கினானாம். கேட்டதற்கு, "பயத்திலைதான் அண்ணை கனக்கக் குடிச்சனான், நிப்பாட்டினால் பயம் தெரிஞ்சிடுமெண்டு" என்றான். வகுப்பு முழுவதும் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது.

இந்தச் சாப்பாடு ஒவ்வொன்றையும் பரமலிங்கம் எழுதி வைத்தான். பள்ளி இடாப்பைப் போலவே கோடிட்ட நீளக் கொப்பி. திகதி, வீடு, சமைத்தவர், சாப்பிட்டவர்கள், சாப்பிட்டது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் எட்டுப் பேரின் கையொப்பம். முதல் வரியில் சமைத்தவர் என்ற இடத்தில் ஞானாம்பிகை என்றிருந்தது. தன் பெயரை ஒரு புத்தகத்தில் அவள் கண்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் கேட்டாள்.

"உதை ஏன் எழுதிறாய்? வயித்துக்குள்ளை போனது அதோடை போகட்டுமன்."

"எழுதாட்டில் நாளைக்கு நடக்கேல்லை எண்டு சொல்லுவாங்கள் அக்கா."

1931 பங்குனி எட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ஊர் வாசிகசாலையில் கூட்டம். வருடம் முடிகிறது, எட்டுப் பேரையும் ஊருக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று பரமலிங்கமே கூட்டியது. சனம் நிறைய வந்திருந்தது. பேச்சின் நடுவே பின்னாலிருந்து ஒருவர், மேடையில் ஒற்றுமை பேசுகிறவர்கள் எல்லாம் வீட்டில் தனிச் செம்பு வைத்திருப்பவர்கள்தான் என்று சொல்ல, கூட்டம் சிரித்தது. பரமலிங்கத்துக்கு முகம் சிவந்தது. பையிலிருந்து கொப்பியை எடுத்தான். நாற்பத்தொரு வரிகளையும் வாசித்தான். திகதி, வீடு, சமைத்தவர், சாப்பிட்டவர். ஒரு பெயரும் விடவில்லை. விடுவது அவனுக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் வரி வாசிக்கையில் சிரிப்பு நின்றதாம். இருபதாம் வரியில் ஆட்கள் எழும்பிப் போகத் தொடங்கினார்களாம். அப்போதுதான் கடைசி வாங்குப்பலகையில் இருந்த ஏரம்புவின் முகத்தைக் கண்டேன் என்று பரமலிங்கம் அக்காவிடம் சொன்னான். சனிக்கிழமைகளில் தான் எங்கே போகிறான், எங்கே சாப்பிடுகிறான் என்று ஏரம்பு தாயிடம் சொல்லியிருக்கவில்லை. பரமலிங்கம் அதைக் கேட்டறிந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதியவன் அதை மட்டும் கேட்கவில்லை.

அடுத்த கிழமையே தொடங்கியது. ஒருவரும் அடிக்கவில்லை, கல்லெறியவில்லை. ஏரம்பு வீட்டுக்குக் கட்டாடி வரவில்லை. வெளுக்கக் கொடுக்க வேண்டிய உடுப்பு மூட்டை கட்டியபடி நாலு நாள் வாசலில் கிடந்தது. பரியாரி சவரத்துக்கு வரவில்லை. இவை ஊர் சொன்னால்தான் நிற்கும். நின்றால் ஊர் சொல்லிவிட்டது என்று அர்த்தம். பரமலிங்கம் வீட்டுக்கும் அதே கட்டளைதான். அவன் தானே சவரம் செய்து, கன்னத்தில் வெட்டுக் காயத்துடன் பள்ளிக்கூடம் போனான். அவனை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, ஏனென்றால் பரிசோதனை நெருங்கிவிட்டது, அவனைப்போல் இடாப்பு எழுத ஆளில்லை.

ஏரம்புவுக்குத் தோட்டம் இருந்தது. அதற்குத் தண்ணீர் பங்குக் கிணற்றில், ஆறு பேருக்கு முறை. துலாவில் ஏறி நடக்க ஒருவர், பட்டையைப் பிடித்து இறைக்க ஒருவர், வாய்க்காலில் தண்ணீர் திருப்ப ஒருவர் வேண்டும். இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ என்று அயலவர்கள் மாறி மாறிச் செய்வார்கள். ஒருவரும் வரவில்லை. புகையிலை வெட்டுக்கு மூன்று கிழமை இருக்க, பரமலிங்கம் விடிய எழும்பித் துலாவில் ஏறினான். ஏரம்பு இறைத்தான். ஞானாம்பிகை சேலையைச் செருகிக்கொண்டு வாய்க்காலில் நின்றாள். ஆறு நாள் இறைத்தார்கள். ஏழாம் நாள் போனபோது துலாக்கயிறு அறுந்து கிணற்றுக்குள் கிடந்தது. யார் அறுத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். புகையிலை நின்ற நிலையிலேயே வாடியது.

பூரணம் அப்போதே படுத்துவிட்டாள். முதலில் இருமல், பிறகு காய்ச்சல். ஆடி மாதம் ஒருநாள் பரமலிங்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஞானாம்பிகையும் கூடப் போனாள். எலும்பும் தோலுமாகப் பாயில் கிடந்த பூரணம் அவனை ஏசவில்லை.

"தம்பி, நீ வாசிச்சது பொய்யெண்டு ஒருக்காச் சொல்லன். உன்னை ஆர் என்ன செய்யப் போயினம்? என்ரை குமர்ப்பிள்ளை வீட்டோடை கிடக்கப் போகுது."

பரமலிங்கம் "நடந்ததை நடக்கேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது மாமி" என்றான்.

பூரணம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் சொன்னது சரி என்றுதான் ஞானாம்பிகையும் நினைத்தாள். இப்போதும் அப்படியே நினைக்கிறாள். ஆனால் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிய தலை அவள் கண்ணை விட்டுப் போனதில்லை.

ஆவணி மாதம், இருபதாம் திகதி வியாழக்கிழமை காலை பூரணம் இறந்தாள்.

செத்த வீட்டில் என்னென்ன வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பரியாரி சேதி சொல்ல வேண்டும். கட்டாடி வந்து வெள்ளை கட்ட வேண்டும், நிலபாவாடை விரிக்க வேண்டும். பறை வேண்டும். பாடை கட்டப் பங்காளிகள் வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் வரை அந்த முற்றத்தில் பரமலிங்கமும் ஞானாம்பிகையும் மட்டும்தான் இருந்தார்கள். குணலட்சுமி தாயின் காலடியில் இருந்து அழுதாள். கூட இருந்து அழ அவளுக்குப் பெண்கள் இல்லை. ஞானாம்பிகை போய்ப் பக்கத்தில் இருந்தாள். வேலிப் படலைக்கு வெளியே ஒழுங்கையில் சனம் போய்க்கொண்டுதான் இருந்தது. வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுப் போனது.

வெள்ளிக்கிழமை காலை கனிசியஸ் வந்தான். பின்னால் தம்பிராசாவும் மற்றவர்களும். ஏழு பேரும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நாங்கள் தூக்குகிறோம் என்று நின்றார்கள். ஏரம்பு அவர்களைப் பார்த்துக் கும்பிட்டான். ஆனால் சுடலைக்குப் போகிற வழியில் பொல்லுகளோடு ஆட்கள் நிற்பதாகத் தம்பிராசாவே சொன்னான். தூக்கிக்கொண்டு போனால் நடு வழியில் இறக்க வேண்டி வரும். ஆவணி வெயில். பகல் பத்து மணிக்கே வாடை வரத் தொடங்கிவிட்டது. குணலட்சுமி தன் தாவணித் துண்டால் ஈ விரட்டிக்கொண்டே இருந்தாள், ஒரு நிமிடமும் நிறுத்தவில்லை.

பதினொரு மணிக்கு நமசிவாயம் குடை பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை, படலையில் நின்றார். அவர் கெட்ட மனுசன் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஊரோடு பேசிவிட்டேன், ஒரு வழி இருக்கிறது என்று பரமலிங்கத்தைக் கூப்பிட்டார். ஏரம்பு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, தண்டம் ஒன்றும் தேவையில்லை. புத்தகம் பொய் என்று எழுதியவன் எழுதித் தந்தால் போதும். புத்தகம் பொய் என்றால் ஏரம்பு எங்கேயும் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்றால் குற்றமில்லை.

"ஒரு துண்டுக் கடுதாசி, பரமு. சவம் கிடந்து நாறுது. உன்ரை நேர்மையை நாளைக்குப் பாப்பம்."

பரமலிங்கம் திரும்பிப் பார்த்தான். ஏரம்பு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும். குணலட்சுமியின் கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

தான் கொண்டுவந்த கடதாசியை நமசிவாயம் படலைப் பலகையில் வைத்துப் பிடிக்க, நின்றபடியே எழுதினான். அந்த வாசகம் ஞானாம்பிகைக்கு மனப்பாடம்: "என்னால் எழுதப்பட்ட புத்தகத்திலுள்ள நாற்பத்தொரு விருந்துகளும் நடந்தவை அல்ல. வகுப்புக்குப் பெயர் வரவேண்டுமென்று நானே எழுதினேன். கையொப்பங்களும் நான் போட்டவை." கடைசி வசனத்தை நமசிவாயம்தான் சேர்க்கச் சொன்னார். கையொப்பம் இருக்கும்வரை ஏரம்பு தப்ப முடியாது. பரமலிங்கத்தின் எழுத்து அன்றும் கோணவில்லை.

எழுதி முடித்துத் திரும்பியபோது கனிசியஸ் பின்னால் நின்றான். எழுதும்போதே வாசித்திருக்கிறான்.

"எங்கடை வீட்டுச் சோறும் பொய்யோ அண்ணை?"

பரமலிங்கம் கடதாசியை நமசிவாயத்திடம் நீட்டினான். கனிசியஸ் இடுப்பில் கட்டிய சால்வையை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

அரை மணி நேரம் ஆகவில்லை. பரியாரி வந்தான், கட்டாடி வந்தான், பறை வந்தது. ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து குணலட்சுமியைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். பூரணம் முறைப்படி போனாள். பரமலிங்கம் சுடலைக்குப் போகவில்லை. அவனை யாரும் தடுக்கவில்லை. அவனே படலையடியில் நின்றுவிட்டான்.

அன்று பின்னேரம் கொப்பியை அக்காவிடம் கொடுத்து, அடுப்பில் போட்டுவிடச் சொன்னான். அவள் ஓம் என்றாள்.

மறுகிழமை சனிக்கிழமை பருத்தித்துறைக்கு நடந்து போனான். கனிசியஸின் தாய் மரியநாயகியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று போனான். அந்த வீட்டில் ஏழு தடவை சாப்பிட்டிருக்கிறான். அவனுக்குக் காரமில்லாமல் வேறாகச் சொதி வைக்கிற மனுசி அவள். வெகுநேரம் முற்றத்தில் நின்றான். அவள் வெளியே வரவில்லை. கனிசியஸ் வந்தான். சீவாத இளநீர் ஒன்றையும் கத்தியையும் அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனான்.

இதைச் சொன்னபோதுதான் பரமலிங்கம் அழுதான். தாய் தகப்பன் செத்த வருடத்துக்குப் பிறகு ஞானாம்பிகை அவன் அழக் கண்டது அன்றுதான்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் பகுதியில் பெட்டிசம் எழுதாமல் ஒரு காரியமும் முடிவதில்லை. அந்தக் கடதாசி கோயிலில் எல்லோர் முன்னும் வாசிக்கப்பட்டிருந்தது. யாரோ அதைப் பார்த்து எழுதி, கல்விக் கந்தோருக்கு மொட்டைப் பெட்டிசம் ஒன்று போட்டார்கள். நடக்காததை நடந்ததாக எழுதி, பிறர் கையொப்பத்தையும் தானே போட்டதாகக் கைப்பட ஒப்புக்கொண்ட ஒருவன் பள்ளி வரவு இடாப்பு எழுதலாமா என்று கேட்டிருந்தது. கேள்வி நியாயமான கேள்விதான்.

ஐப்பசியில் விசாரணை. வந்தவர் முன்பு அவனுடைய இடாப்பைத் தூக்கிக் காட்டிய அதே இன்ஸ்பெக்டர். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் புத்தகத்தைக் கொண்டுவாரும், எட்டுக் கையெழுத்தையும் நான் பார்க்கிறேன் என்றாராம். பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும், எட்டுக் கையும் எட்டு விதம். ஏரம்புவின் கையொப்பம் நண்டு ஊர்ந்ததுபோல் இருக்கும். அப்படி எழுதப் பரமலிங்கத்தால் முயன்றாலும் முடியாது. ஆனால் புத்தகம் உண்மை என்றானால் ஏரம்பு வீட்டுக்குக் கட்டாடி மறுபடி வரமாட்டான். குணலட்சுமிக்கு அப்போதுதான் சம்பந்தம் ஒன்று பேசத் தொடங்கியிருந்தார்கள்.

புத்தகத்தை எரித்துவிட்டேன் என்று பரமலிங்கம் சொன்னான். கடதாசி உம்முடைய எழுத்துத்தானா என்று கேட்டதற்கு, ஓம் என்றான்.

வீட்டுக்கு வந்து சால்வையைக் கொடியில் போட்டுவிட்டு, "முடிஞ்சுது அக்கா" என்று மட்டும் சொன்னான். ஆசிரியர் பத்திரம் பறிபோனது. பிறகு அவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கால்வைக்கவில்லை. எட்டு ஊர் வகுப்பு ஒன்றும் தொடங்கப்படவில்லை. குணலட்சுமிக்குத் தையில் கலியாணம் நடந்தது. அந்தக் கலியாண வீட்டில் ஞானாம்பிகைக்கும் பரமலிங்கத்துக்கும் நல்ல மரியாதை.

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் அவன் பிறர் தோட்டத்தில் துலா மிதித்தான். ஆரம்பத்தில் சிலர் கடிதம் எழுதுவிக்க வந்தார்கள். "வாத்தியார், சொன்னதை மட்டும் எழுதும், ஆக்களைக் கூட்டிப் போடாதையும்" என்று ஒருவர் பகிடி விட்டார். அன்றிலிருந்து பேனாவைத் தொடவில்லை. வீட்டில் பால் கணக்குச் சுவரில் கோடு போடுவதுகூட அக்காதான். ஏரம்பு வழியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவான். அவனுக்கும் கலியாணமாகிப் பிள்ளைகள் பிறந்தன. ஞானாம்பிகைக்கு அவன்மேல் கோபம் இருந்தது. பரமலிங்கத்துக்கு இருக்கவில்லை. அவன்தான் பாவம் என்ன செய்ய முடியும் என்பான்.

1943 ஆவணியில் அவனுக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. சண்டைக் காலம், மருந்தும் இல்லை, அரிசியும் கூப்பனுக்கு. இருபத்திரண்டு நாள் கிடந்தான். கடைசி நாட்களில் நினைவு தடுமாறி, கையைத் தூக்கி விரலால் காற்றில் கோடு இழுத்துக்கொண்டே இருந்தான், இடாப்புக்குக் கோடு போடுவதுபோல. புரட்டாதி மாதம் பன்னிரண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை போனான். வயது முப்பத்தைந்து முடிந்து ஒன்பது மாதம். கட்டாடி, பரியாரி, பறை, பங்காளிகள் எல்லாம் வந்தார்கள். ஒரு குறையும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஊருக்குச் சாப்பாடு. பழைய எட்டுப் பேரில் இரண்டு பேர் மலாயாவுக்குப் போய், சப்பான்காரன் வந்தபின் கடிதமே இல்லை. இன்னும் மூன்று பேர் வரவில்லை. கனிசியஸ் வந்திருந்தான், முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. தம்பிராசா வந்து, வழக்கப்படி படலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் குந்தியிருந்தான். ஏரம்பு முதற் பந்தியில் நமசிவாயத்துக்கு எதிரே இருந்தான். இலை போட்டாயிற்று, சோறும் விழுந்துவிட்டது. அவன் கை வைக்கவில்லை.

"அக்கா, அந்தக் கொப்பியை உண்மையாவே எரிச்சனீங்களோ?"

ஞானாம்பிகை கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். பிறகு அறைக்குள் போய், நெல்லுப் பெட்டிக்குள் கையை விட்டு, அடியில் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தாள். தம்பியின் சொல்லை அவள் மீறியது அந்த ஒன்றில்தான். அவள் எரித்துவிட்டாள் என்ற நம்பிக்கையோடுதான் அவன் போனான்.

நமசிவாயம் கண்டுகொண்டார். எழுபது வயது தாண்டியிருந்தார்.

"பிள்ளை, உதை உள்ளை கொண்டுபோய் வை. செத்தவன்ரை பேரைக் கெடுக்காதை."

"அவன்ரை பேர் கெட்டுப் பன்னிரண்டு வருசம் அம்மான்" என்றாள் ஞானாம்பிகை.

ஏரம்பு இடக்கையால் கொப்பியை வாங்கி, எழும்பி நின்றே புரட்டினான். தேடவேண்டியிருக்கவில்லை, பக்கம் தெரிந்திருந்தது. உரத்து வாசித்தான். 1930 மே பதினேழு. தம்பிராசா வீடு. ஒடியற்கூழ். சாப்பிட்டவர்களில் மூன்றாவது பெயர் தன்னுடையது என்று விரலை வைத்துக் காட்டினான். "மூண்டு தரம் வாங்கினனான்" என்றான். மடியிலிருந்து பென்சிலை எடுத்து, பழைய கையொப்பத்துக்குக் கீழே இன்னொரு கையொப்பமும் அன்றைய திகதியும் போட்டான். அதே நண்டு.

கனிசியஸ் வந்து வாங்கித் தன் வீட்டு விருந்துகள் ஏழுக்கும் கீழே ஒவ்வொன்றாகப் போட்டான். தாய் மரியநாயகி மூன்று வருடம் முன்னமே போய்விட்டாள் என்று அப்போதுதான் சொன்னான். பிறகு ஏரம்பு தன் இலையைச் சோற்றோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படலைக்கு வெளியே போய், வேப்பமரத்தடியில் தம்பிராசாவுக்குப் பக்கத்தில் இருந்தான். கனிசியஸும் போனான். தம்பிராசாவும் தன் வீட்டு வரிகளுக்குக் கீழே போட்டான். பென்சிலை ஏரம்புதான் பிடித்துக் கொடுத்தான்.

முதற் பந்தியில் பாதி இலைகள் தொடாமல் மடிக்கப்பட்டன. நமசிவாயம் கை அலம்பி, வெற்றிலை வாங்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஞானாம்பிகை சோற்றுக் குத்துப்போணியைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டி மரத்தடிக்குப் போய், மூன்று பேருக்கும் பரிமாறினாள். அது நாற்பத்திரண்டாவது. எழுத ஆள் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏரம்பு வீட்டுக்குக் கட்டாடி வரவில்லை. ஏரம்பு கிணற்றடியில் நின்று தன் வேட்டியையும் மனைவியின் சேலையையும் தானே தோய்த்து, ஒழுங்கைப் பக்கத்து வேலியில், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் காணும்படி விரித்துப் போட்டான்.